சித்தப்பாவின் ஈரல்

எங்கள் தெருவில் அவரைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள் யாரும் இல்லை. பொத்தானக்கா என்றால்தான் தெரியும். தையல் கடை மாஸ்டரின் மனைவி. ஒரு வெள்ளைக் கோட்டுக்கு ஐந்து பொத்தான். ஐந்தையும் தைத்து, முடிச்சிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுக்க அவருக்கு ஆகும் நேரம் நான்கு நிமிடம் பத்து விநாடி. கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன். ஒரு முறைகூட நான்கரை நிமிடத்தைத் தாண்டவில்லை.

அந்தக் கடைக்கு நேர் மேலே மாடியில் குடியிருக்கிறேன். நீர்த்தேக்கத்தில் முப்பத்தொரு வருடம் தினமும் இரண்டு வேளை நீர்மட்டம் குறித்து வைத்த பழக்கம். அதனால் இங்கே தரும் தேதிகளும் நேரங்களும் சரியாக இருக்கும். நான் நேரில் இல்லாத இடங்களில் நடந்ததை அவரிடமும் மாஸ்டரிடமும் தனித்தனியாகக் கேட்டு, இரண்டும் ஒத்துப்போன பிறகே எழுதியிருக்கிறேன்.

பொத்தானக்காவுக்கு இப்போது முப்பத்தைந்து வயது. அப்பா பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுபவர். பள்ளி இறுதித் தேர்வில் வகுப்பில் இரண்டாவதாக வந்தார். அந்த வருடம் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வில் நான்கு மதிப்பெண்ணில் இடம் தவறியது. இருபத்தொன்றில் கல்யாணம். மறு வருடத்திலிருந்து கடையில் பொத்தான், காஜா, பெண்களுக்கு அளவெடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. கடையிலிருந்து மருத்துவக் கல்லூரி வாசலுக்கு ஒன்பது நிமிட நடை. ஆகவே வருடாவருடம் முதலாண்டு சேருகிறவர்கள் வெள்ளைக் கோட்டு தைக்க இந்தக் கடைக்குத்தான் வருவார்கள். பதினோரு வருடம் மற்றவர்களின் கோட்டுக்குப் பொத்தான் வைத்தவர், பன்னிரண்டாவது வருடம் மறுபடியும் நுழைவுத் தேர்வு எழுதத் தொடங்கினார். வயது வரம்பை எடுத்துவிட்டார்கள் என்று அளவு கொடுக்க வந்த ஒரு மாணவிதான் சொன்னாளாம்.

அவர் படித்த முறை இது. மாஸ்டர் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேள்வி வாசிப்பார். இவர் பொத்தான் தைத்தபடியே பதில் சொல்வார். தவறாகச் சொன்னால் மாஸ்டர் மேஜையைக் கத்தரிக்கோலால் ஒரு தட்டு தட்டுவார். முதல் இரண்டு முறை தேர்வில் தவறினார். மூன்றாம் முறை கிடைத்தது. ஜூலை ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, காலை பத்து இருபதுக்குக் கடிதம் வந்தது.

பக்கத்துக் கடை இஸ்திரிக்காரர்தான் கடிதத்தை வாங்கி உரக்க வாசித்தார்.

"இடம் ஒதுக்கியாச்சுன்னு போட்டிருக்கு! மாஸ்டர், இனிமே உனக்குத் தலைவலின்னா வீட்டுலயே வைத்தியம்."

"தலைவலியே அவதானேய்யா," என்றார் மாஸ்டர். ஆனால் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

"கீழ இன்னும் ஏதோ இருக்கு, அண்ணே. அதையும் படிங்க," என்றார் பொத்தானக்கா.

கீழே இருந்தது இதுதான். பள்ளி முடித்துப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆனவர்கள், வகுப்பு தொடங்கும் முன் ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி ஒரு வாய்மொழித் தேர்வுக்கு வர வேண்டும். மனித உடலின் உள்ளுறுப்புகளைப் பற்றிய அடிப்படைத் தேர்வு. அதில் தேறாவிட்டால் அந்த இடம் காத்திருப்புப் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும்.

"நாப்பது நாள் இருக்கு," என்றார் இஸ்திரிக்காரர் விரல் விட்டு எண்ணி. அவர் கணக்கு சரியாக இருந்தது. நானும் பார்த்தேன்.

மறுநாளே பாடம் தொடங்கியது. பழைய முறைப்படி மாஸ்டர் வாசித்தார், இவர் பொத்தான் தைத்தார். ஆனால் இந்த முறை ஏறவில்லை. பெயர்களெல்லாம் காதில் நின்றன, இடம் நிற்கவில்லை. மண்ணீரல் எதற்குப் பக்கத்தில், கணையம் எதற்குப் பின்னால் என்று கேட்டால் முழிப்பார். புத்தகத்தை விரித்து வைத்துப் படத்தைப் பார்ப்பார். பக்கம் புரட்டியதும் படம் கலைந்துவிடும். பதினோரு நாள் இப்படிப் போனது.

ஜூலை இருபத்தொன்றாம் தேதி மதியம் ஊசியை ஊசிமெத்தையில் குத்திவிட்டுச் சொன்னார்:

"எனக்குக் கையில வராதது தலையில ஏறாதுங்க. காஜா போடறதைக்கூட நீங்க சொல்லிக் கொடுத்தப்ப வரல. பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சப்பதான் வந்துச்சு."

மாஸ்டர் மேஜையில் கிடந்த துணிகளை ஒதுக்கினார். பிறகு, "அப்போ ஒரு ஆளைத் தைச்சுடுவோம்," என்றார்.

வெட்டும் மேஜை ஏழடி நீளம். அதன்மேல் கோட்டுத் துணியில் மிஞ்சியதைப் போட்டு, கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரு ஆளை வெட்டினார். உள்ளே பஞ்சு. முன்பக்கம் கோட்டு மாதிரி திறந்து மூடலாம். இதயத்துக்குச் சிவப்பு வெல்வெட். ஈரலுக்கு யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன மெரூன் திரைச்சீலை. நுரையீரலுக்குப் பள்ளிச் சீருடையின் ரோஜா நிறம். வலதுக்கு மூன்று மடல், இடதுக்கு இரண்டு. சிறுநீரகத்துக்குப் பழுப்பு கார்டுராய். மொத்தம் பதினான்கு உறுப்பு. ஒவ்வொன்றையும் எடுக்கவும் மாட்டவும் பிரஸ் பட்டன். அதுவும் பொத்தானக்கா வைத்தது, முப்பத்தொன்று.

சிறுகுடல் வந்தபோது ஒரு தகராறு.

"இருபது அடின்னு போட்டிருக்கு. அச்சுப் பிழையா இருக்கும்," என்றார் மாஸ்டர்.

"பிழை இல்லங்க. அவ்வளவு நீளம்தான்."

"இருபது அடி பைப்பிங் தைக்கறதுக்கு என் குடல் வெளிய வந்துரும்."

"வந்தா நல்லதுதான். பார்த்துப் படிச்சுக்கறேன்."

நான்காம் நாள் ஆள் தயார். மூன்றாம் வகுப்பு படிக்கும் அவர்கள் மகள் பள்ளி விட்டு வந்து பார்த்தாள். தெருவில் அவளைச் சின்னப்பொத்தான் என்பார்கள். மேஜையில் வயிற்றைத் திறந்துபோட்டுக்கொண்டு மல்லாந்து கிடந்ததை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"சித்தப்பா மாதிரியே இருக்கு," என்றாள்.

மாஸ்டரின் தம்பி ஊரிலிருந்து வந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மேஜையில்தான் அப்படிக் கிடப்பார். அன்று முதல் துணி ஆளுக்குச் சித்தப்பா என்று பெயர் நிலைத்துவிட்டது.

"மாஸ்டர், உன் தம்பிக்கு இஸ்திரி போடணுமா?" என்று கேட்டார் இஸ்திரிக்காரர்.

"முதல்ல அவனுக்கு மூச்சு வரட்டும்."

பாடம் நடந்த விதம் இது. சித்தப்பாவை மேஜையில் கிடத்தி, பதினான்கு உறுப்பையும் கழற்றி ஒரு கூடையில் போட்டுவிடுவார்கள். பொத்தானக்கா மேஜைக்கு முன்னால் நின்று கண்ணை மூடிக்கொள்வார். சின்னப்பொத்தான் புத்தகத்தைப் பார்த்துப் பெயர் சொல்வாள். இவர் கூடையில் தடவி எடுத்து அதற்குரிய இடத்தில் மாட்ட வேண்டும். முதல் நாள் பதினான்கில் ஐந்து சரி. ஆகஸ்ட் இரண்டாம் தேதி பதினொன்று. எட்டாம் தேதி பதினான்கும் சரி; நேரம் மூன்று நிமிடம் நாற்பது விநாடி. அன்று இஸ்திரிக்காரர் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார்.

தேர்வுக்கு ஐந்து நாள் முன்பு, ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி புதன்கிழமை, கல்லூரி கேட்டிருந்த உடல்தகுதிச் சான்றிதழுக்காகப் பொத்தானக்கா மருத்துவமனைக்குப் போனார். எடை, பார்வை, இரத்தம், தடுப்பூசி எல்லாம் முடிந்து கடைசியாக நெஞ்சு எக்ஸ்ரே. எக்ஸ்ரேக்காரர் நல்ல மனிதர். மருத்துவம் படிக்கப் போகிறவர் என்று தெரிந்ததும் உள்ளே கூப்பிட்டு, விளக்குப் பெட்டியில் படத்தை மாட்டிக் காட்டினார்.

பொத்தானக்கா ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"சார், படத்தைத் திருப்பி மாட்டியிருக்கீங்க."

"என்னம்மா?"

"இதயம் அந்தப் பக்கம் போயிருக்கு. இந்தப் பக்கம்தானே வரணும்?"

"உங்க இதயம்மா. எங்க போச்சுன்னு நீங்கதான் சொல்லணும்." சிரித்துக்கொண்டே படத்தின் மூலையில் விரலை வைத்தார். "இந்த எழுத்தைப் பாருங்க. இது உங்க வலது பக்கம்னு குறிச்சது. நீங்க எனக்கு எதிர்ல நிக்கறீங்கன்னு நினைச்சுக்கோங்க. உங்க வலது, எனக்கு இடது பக்கம் வரும். எல்லாப் படமும் அப்படித்தான். உங்க புத்தகத்துலயும் அப்படித்தானே இருக்கும்?"

அப்போதுதான் பொத்தானக்காவுக்கு உறைத்தது. புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. சித்தப்பாவிடம்தான் அப்படி இல்லை.

நடந்தது என்னவென்று விளக்கிவிடுகிறேன். கோடு வெளியே தெரியக் கூடாது என்பதற்காகத் துணியின் உள்பக்கத்தில்தான் சாக்குக்கட்டியால் குறிப்பது தையல் வேலையில் வழக்கம். மாஸ்டரும் கை போன போக்கில் துணியின் உள்பக்கத்தை மேலே போட்டு, புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்து, படத்தில் இருந்தபடியே ஒவ்வொரு உறுப்புக்கும் இடம் குறித்தார். குறியில் ஊசியைக் குத்தி நூலை மறுபக்கம் இழுத்தார். பிறகு துணியை வெளிப்பக்கமாகத் திருப்பினார். திருப்பியதும் இடம் வலமாகிவிட்டது. ஈரல் இருக்க வேண்டிய பக்கத்தில் இரைப்பை, இரைப்பை இருக்க வேண்டிய பக்கத்தில் ஈரல். நடுவில் இருந்த சிறுகுடலும் சிறுநீர்ப்பையும் மட்டும் தப்பின. மற்ற பன்னிரண்டும் பக்கம் மாறிப்போயின.

யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்கலாம். மாஸ்டர் கவனித்தார். படத்தில் ஈரல் ஒரு பக்கமும் துணியில் மறுபக்கமும் இருப்பதைப் பார்த்து, கீழே இருந்த விளக்கத்தை வாசித்தார். 'ஈரல் உடலின் வலப்புறத்தில் உள்ளது' என்று இருந்தது. மேஜைக்கு முன்னால் நின்று பார்த்தால் துணியிலும் அது அவருக்கு வலது கைப் பக்கம்தான் இருந்தது. ஆகவே படம் போட்டவர்தான் திருப்பிப் போட்டுவிட்டார் என்று முடிவு செய்து, புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் 'படம் தவறு' என்றும் எழுதி வைத்துவிட்டார். அந்தப் பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். நாற்பத்தேழாம் பக்கம்.

பகல் ஒன்றரை மணிக்குப் பொத்தானக்கா கடைக்கு வந்தார். எக்ஸ்ரே படத்தைக் கடையின் முன் கண்ணாடியில் வெளிச்சத்துக்கு எதிரே ஒட்டினார். படத்தில் தானே எதிரில் நிற்பதாக வைத்துக்கொள்ளச் சொல்லி, எக்ஸ்ரேக்காரர் சொன்னதை அப்படியே சொன்னார்.

மாஸ்டரின் கை மெல்லத் தன் சட்டைப் பாக்கெட்டைத் தொட்டது. அங்கேயே நின்றுவிட்டது.

"இருபத்திரண்டு வருஷமா," என்றார், "இடது நெஞ்சுக்குத்தான் பாக்கெட் வைக்கறேன். எதிர்ல நிக்கறவனுக்கு அது எந்தக் கைப்பக்கம் வரும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். இதயத்தை வச்சப்ப எனக்குத் தோணலையே!"

"நீங்க தம்பிக்கு வச்சீங்க. சட்டைக்கு வச்சிருந்தா சரியா வச்சிருப்பீங்க," என்றார் பொத்தானக்கா. சிரிக்கவில்லை.

"ரெண்டு நாள்ல பிரிச்சுத் திருப்பித் தைச்சுடறேன்."

"துணியைப் பிரிச்சுடலாம். என் கையை எப்படிப் பிரிப்பீங்க?"

மாஸ்டர் அன்று மாலைக்குள் முப்பத்தொரு பிரஸ் பட்டனையும் பிரித்து இடம் மாற்றி வைத்துவிட்டார். மறுநாள் வியாழக்கிழமை காலை பொத்தானக்கா கண்ணை மூடிக்கொண்டு முன்னால் நின்றார். பள்ளிக்குக் கிளம்பும் முன் சின்னப்பொத்தான் "ஈரல்" என்றாள். கை பழைய இடத்துக்குப் போயிற்று. "மண்ணீரல்" என்றாள். பழைய இடம். "குடல்வால்." பழைய இடம். பதினான்கில் இரண்டுதான் சரி. எந்த இரண்டு என்று சொல்லத் தேவையில்லை. மாற்றிவைக்க வேண்டும் என்று யோசித்துச் செய்தால், எது பழையது எது புதியது என்று இன்னும் குழம்பியது. மதியத்துக்குள் இரண்டு சிறுநீரகத்தையும் ஒரே பக்கத்தில் மாட்டியிருந்தார்.

"விடுங்க," என்றார். "நான் போகல. பட்டியல்ல அடுத்து நிக்கறது யாரோ பாவம், இந்தக் கடிதத்துக்காகத் தபால்காரரையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கும். அதுக்குப் போகட்டும்."

"அந்தப் புள்ளைக்கு நீ ஏன் பாவம் பார்க்கற? எனக்குப் பாரு. நான்தானே கெடுத்தேன்?"

"யாரு கெடுத்தா என்னங்க? ரெண்டு பேரும்தான் தைச்சோம். முப்பத்தொரு பட்டனை வச்சது நான். ஒண்ணு வைக்கும்போதாவது என் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேனா?"

மாலை பள்ளி விட்டு வந்த சின்னப்பொத்தான் சித்தப்பாவின் வயிற்றை மூடிவிட்டு, "சித்தப்பா தூங்கட்டும்," என்று மேஜையிலிருந்து நகர்ந்தாள். அன்று எட்டு மணிக்கு மூட வேண்டிய கடையை ஐந்தரைக்கே மூடினார்கள். என் குறிப்பேட்டில் அந்த மாதத்தில் வேறு எந்த நாளும் அப்படி இல்லை.

வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட் பதினைந்து. கோட்டு தைக்கும் காலம் ஆகையால் கடையை மூடி வைக்க முடியாது. காலை பதினொன்று பத்துக்கு ஒரு மாணவி அளவு கொடுக்க வந்தாள். பெண்களுக்கு அளவெடுப்பது பொத்தானக்காதான் என்று சொன்னேன் அல்லவா? தோளுக்கு எடுத்தார், கை நீளம் எடுத்தார். இடுப்புக்கு எடுக்க, வழக்கம்போல அவளுக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கையாலும் டேப்பை முன்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வலது கை அந்தப் பெண்ணின் விலா எலும்புக்குக் கீழே, வலது பக்கம் இருந்தது.

"அக்கா, கூச்சமா இருக்கு. என்னாச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. ஈரல்."

"ஐயோ, எனக்கா?"

"எல்லாருக்கும்தாம்மா! நில்லு, நில்லு, நகராதே. இடது கைல இரைப்பை. அதுக்கும் பின்னால மண்ணீரல். கீழ இந்தப் பக்கம் குடல்வால்…"

அளவு கொடுக்க வந்தவள் பயந்துபோய் மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் கத்தரிக்கோலைப் பாதித் துணியில் விட்டுவிட்டு எழுந்து வந்தார். பொத்தானக்காவுக்குப் பேச்சு தடுமாறியது.

"நான் முன்னால நின்னாத்தாங்க தப்பு! பின்னால நின்னா எல்லாம் சரியா வருது. என் வலது கை, அவங்க வலது பக்கம். என் கை கத்துக்கிட்டது தப்பே இல்ல. நின்ன இடம்தான் தப்பு!"

மாணவியின் அளவை மாஸ்டர் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. அவள் போனதும் அவரே கடை நடுவில் போய் விறைப்பாக நின்றார்.

"வா. என்மேல வச்சுப் பாரு."

பொத்தானக்கா அவருக்குப் பின்னால் நின்று, கண்ணை மூடி, இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். பெயர் வாசிக்க ஆள் வேண்டும். சின்னப்பொத்தான் சுதந்திர தின விழாவுக்குப் பள்ளிக்குப் போயிருந்தாள். மாடிப்படியில் நின்றிருந்த என்னிடம் புத்தகத்தைக் கொடுத்தார்கள். நாற்பத்தேழாம் பக்கத்தைப் பிரித்து, பென்சிலால் எழுதியிருந்ததை முதலில் அழித்தேன். பிறகு ஒவ்வொன்றாக வாசித்தேன்.

"ஈரல்."

சரி.

"பித்தப்பை."

சரி.

"மண்ணீரல்."

"ஆ! அங்க தொடாதே, கூசுது!" என்று மாஸ்டர் நெளிந்தார்.

"ஆடாம நில்லுங்க. நோயாளி இப்படி ஆடினா டாக்டர் எங்க தொடறது?"

அந்த நேரம் பார்த்து இஸ்திரிக்காரர் உள்ளே வந்தார். நடுக் கடையில் மனைவி கணவனைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு நிற்க, எதிரே நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பட்டப்பகல்ல, கடையைத் திறந்து வச்சுக்கிட்டு… அதுக்கு மாடி ஐயா வேற சாட்சியா?"

"யோவ், நான் இப்போ பாடம். பேசாம நில்லு," என்றார் மாஸ்டர்.

பதினான்கில் பதினான்கு சரி. இரண்டு நிமிடம் ஐம்பத்தைந்து விநாடி. சித்தப்பாவிடம் எடுத்ததைவிட நாற்பத்தைந்து விநாடி குறைவு.

ஆகஸ்ட் பதினெட்டு, திங்கட்கிழமை. பத்து மணிக்குத் தேர்வு. எட்டு இருபதுக்கே கிளம்பிவிட்டார். ஒன்பது நிமிட நடைக்கு இது அதிகம்தான். ஆனால் அன்று மாஸ்டரும் கூட நடந்ததால் பதினாறு நிமிடம் ஆனது. அவர் ஒவ்வொரு முனையிலும் நின்று ஏதாவது சொல்லிக்கொண்டே வந்தாராம்.

தேர்வு அறையில் மூன்று பேர். நடுவில் இருந்த பேராசிரியைதான் கேள்வி கேட்டார். அறுபதை நெருங்கும் வயது. மேஜைமேல் கழுத்து முதல் இடுப்பு வரையான பிளாஸ்டிக் உடல், மூடி போட்டது. மூடியைக் கழற்றாமல், உள்ளே எது எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்து தொட்டுக் காட்ட வேண்டும்.

பொத்தானக்கா அதன் முன்னால் போய் நின்றார்.

"மேடம், ஒரு சந்தேகம். நான் இதுக்குப் பின்னால நின்னு சொல்லலாமா?"

பேராசிரியை பேனாவைக் கீழே வைத்தார். "இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லையே. ஏன்?"

பொத்தானக்கா மறைக்காமல் சொன்னார். தையல் கடை, உள்பக்கக் குறி, சித்தப்பா, எக்ஸ்ரே, டேப், எல்லாவற்றையும். பேராசிரியைக்கு இடப்பக்கம் இருந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடித்தாராம். பேராசிரியை சிரிக்கவில்லை. "இருபது அடி பைப்பிங்கா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "சரி, பின்னால போங்க," என்றார்.

பதினாறு கேள்வி. பதினான்கு சரி. ஒன்று தவறு. ஒன்றுக்கு "தெரியாதுங்க" என்றார். அது சித்தப்பாவுக்குத் தைக்காத உறுப்பு.

முடிந்தது என்று நினைத்து அவர் பையை எடுக்கும்போது பேராசிரியை, "இப்போ முன்னால வாங்க," என்றார். "நாளைக்கு நோயாளி கட்டில்ல படுத்திருப்பார். சுவர் ஓரமா இருக்கற கட்டிலுக்குப் பின்னால போய் நிக்க முடியாது. ஈரல் எங்கே?"

பொத்தானக்கா முன்னால் வந்தார். வலது கை எழுந்தது. பாதியில் நின்றது. அவர் கண்ணை மூடவில்லை. எதிரே இருந்த அந்த உடம்பைப் பார்த்தார். பிறகு சொன்னது இதுதான்:

"இவர் சட்டை போட்டிருந்தா பாக்கெட் இந்தப் பக்கம். அப்போ ஈரல் பாக்கெட் இல்லாத பக்கம்."

கை சரியான இடத்துக்கு வந்து நின்றது.

"மெதுவா வருது," என்றார் பேராசிரியை.

"ஆமாங்க மேடம்."

"வரட்டும். இந்தப் பாடத்துக்கே ஒரு வருஷம் இருக்கு."

மாலை நான்கு பத்துக்கு அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். ஏழு பேர் தேர்வுக்கு வந்ததில் ஐந்து பேர் தேறியிருந்தார்கள். பொத்தானக்காவின் எண் நான்காவது. மாஸ்டர் அதைத் தானும் வாசித்து, பக்கத்தில் நின்ற காவலாளியையும் வாசிக்கச் சொல்லி, பிறகுதான் நம்பினார்.

மறுநாள் பொத்தானக்காவுக்குக் கோட்டு வெட்டினார்கள். அளவெடுக்க மாஸ்டர் முன்னால் வந்து நின்றபோது, "பின்னால போங்க," என்றார் பொத்தானக்கா. ஐந்து பொத்தானையும் அவரேதான் தைத்தார். அன்று ஆறு நிமிடம் ஆனது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

சித்தப்பாவை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. மாஸ்டர் ஏற்கெனவே திருத்திவிட்டார் அல்லவா? இப்போது அது புத்தகப்படி சரியாக இருந்தது. ஆனால் பொத்தானக்கா அன்று மதியம் உட்கார்ந்து முப்பத்தொரு பிரஸ் பட்டனையும் பிரித்து, மறுபடி பழைய இடங்களிலேயே வைத்தார்.

"ஏம்மா, சரியா இருக்கறதைப் போய்க் கெடுக்கற?" என்றாள் சின்னப்பொத்தான்.

"என் கூடப் படிச்ச ஆளும்மா. எப்படி இருந்தாரோ அப்படியே இருக்கட்டும்."

சித்தப்பா இப்போது கடையின் உள்சுவரில், கோட்டுகள் தொங்கும் கம்பிக்குப் பக்கத்தில் தொங்குகிறார். கோட்டு தைக்க வரும் முதலாண்டுப் பிள்ளைகள் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணே, ஈரல் மாறியிருக்கே!" என்று கத்துவார்கள். மாஸ்டர் நிமிராமலே கழுத்துப் பக்கம் கை காட்டுவார். சட்டைகளில் கடைப் பெயர் தைக்கும் இடத்தில், காலருக்கு உள்ளே, சிவப்பு நூலால் ஒரு பட்டி தைத்திருக்கிறது. பொத்தானக்காவின் கைவேலை. 'பின்னால் நின்று பார்க்கவும்' என்று இருக்கும்.